ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, ஹேண்டிலில் இறுக்கம்: எதை முதலில் பிரிப்பது?

நாகலூர்க்காரன்:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை வேலையில் இருக்கிறேன். தோட்டத்துக்குள் சுற்றி வரவும், அவ்வப்போது சேலத்துக்கு இறங்கி ஏறவும், மண்பாதைக்கு ஏற்ற 200 சிசி வண்டி ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி ஓட்டி வருகிறேன். கம்பெனியின் பெயரைப் போட்டால் பேச்சு முழுவதும் அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று திரும்பிவிடும் என்பதால் விவரத்தை மட்டும் தருகிறேன். முன்சக்கரம் 21 அங்குலம். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் பைப் விட்டம் 37 மில்லிமீட்டர். ஃபோர்க் அமுங்கி எழும் தூரம் 190 மில்லிமீட்டர். தலைகீழ் ஃபோர்க் (மெல்லிய பைப் கீழே இருக்கும் வகை) அல்ல, பழைய வகைதான்.

சிக்கல் இரண்டு. டிஸ்க் இருக்கும் பக்கத்து ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறது. முதலில் பைப்பைச் சுற்றி மெல்லிய வளையமாகத்தான் தெரிந்தது; ஐப்பசி மழையில் சேற்றுப் பாதைகளில் ஓட்டிய பிறகு அது ஃபோர்க் பாட்டம் (பைப் உள்ளே போய்வரும் கீழ்க்குழல்) வழியாக வழிந்து பிரேக் காலிப்பர் வரை வந்துவிட்டது. அடுத்தது ஹேண்டில். சேலம் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் முன் பிரேக்கைப் பிடித்து இறங்கும்போது உள்ளங்கையில் 'டக்' என்று ஓர் அடி விழுகிறது. நேராகப் போகும்போது ஹேண்டில் நடுவில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டதைப் போல இருக்கிறது; அதிலிருந்து கிளப்பச் சற்று அழுத்த வேண்டியிருக்கிறது.

சேலத்தில் ஒரு பட்டறையில் காட்டியபோது கோன் செட்டை (ஹேண்டில் தண்டு சுழலும் பேரிங்) இறுக்கிக் கொடுத்தார்கள். அடி குறைந்தது உண்மைதான், ஆனால் இப்போது மெதுவாகப் போகும்போது வண்டி நேர்க்கோட்டில் நிற்காமல் இடமும் வலமுமாக அலைகிறது. வேறொரு பட்டறையில் இரண்டு ஃபோர்க்குகளையும் கோன் செட்டையும் முழுதாக மாற்றிவிடச் சொல்கிறார்கள். அவ்வளவு செலவு செய்வதற்கு முன் எது உண்மையில் கெட்டிருக்கிறது என்று நானே கண்டறிய வழி இருக்கிறதா? தோட்டத்துப் பட்டறையில் ஜாக்கி, வைஸ், ஸ்பேனர், அலன் கீ எல்லாம் இருக்கின்றன; வேலை செய்யவும் தயக்கமில்லை. எந்த வரிசையில் தொடங்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை:

வணக்கம் தம்பி. முதலில் ஒன்று: காலிப்பர் வரை எண்ணெய் வந்துவிட்டது என்கிறீர்கள். டிஸ்க்கிலும் பேடிலும் எண்ணெய் பட்டிருந்தால், இதைச் சரிசெய்யும் வரை அந்த வண்டியில் மலை இறங்க வேண்டாம். டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்துவிடலாம். ஆனால் எண்ணெய் ஊறிய பேடை உப்புத்தாளில் தேய்த்தாலும் நெருப்பில் காட்டினாலும் பழைய பிடிப்பு நம்பும்படியாகத் திரும்புவதில்லை. பேடை மாற்றுவதுதான் வழி.

இனி வரிசைக்கு வருகிறேன். கசிவும் ஹேண்டிலும் தனித்தனிச் சிக்கல்கள்தான் என்றாலும் வேலை ஒன்றுதான், ஏனென்றால் கோன் செட்டைத் திறக்க வேண்டுமென்றால் இரண்டு ஃபோர்க்குகளையும் எப்படியும் கழற்றியாக வேண்டும். ஆகவே ஒரு போல்ட்டைக் கூடத் தொடுவதற்கு முன் சோதனை முழுவதையும் முடித்துவிடுங்கள். பிரித்த பிறகு 'டக்' எங்கிருந்து வந்தது என்று எந்தப் பாகமும் சொல்லாது.

என்ஜினுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அச்சுக்கு அருகே இரண்டு ஃபோர்க் பாட்டங்களையும் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். அதே சமயம் உதவிக்கு வந்தவர், கீழ் டியும் (இரண்டு பைப்புகளையும் சேர்த்துக் கவ்வும் கட்டை; மேலே ஒன்று, கீழே ஒன்று) சேசிஸ் தலையும் (ஹேண்டில் தண்டு நுழையும் குழல்) சந்திக்கும் இடுக்கில் விரல் வைத்திருக்கட்டும். அங்கே அசைவு தெரிந்தால் குறை கோன் செட்டில். அங்கே அசைவில்லாமல், பைப் ஃபோர்க் பாட்டத்துக்குள் நுழையும் இடத்தில் அசைந்தால் ஃபோர்க்கின் உள்தேய்மானம். இரண்டிலும் இல்லையென்றால் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் சக்கர பேரிங். அதுவும் இல்லையென்றால் காலிப்பருக்குள் பேட் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும்; பிரேக் பிடிக்கும்போது மட்டும் வரும் அடிக்குப் பல நேரங்களில் அதுவே காரணம், பாவம் கோன் செட் வீணாகப் பழி சுமக்கும்.

கசிவுக்கும் உடனே சீல் வாங்க ஓட வேண்டியதில்லை. செம்மண் சேறு காய்ந்து மாவாகி, வெளியே தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலைத் தாண்டி, உள்ளே எண்ணெயை அடைக்கும் ஆயில் சீலின் உதட்டில் உட்கார்ந்துகொண்டால், சீல் நன்றாக இருந்தும் கசியும். டஸ்ட் சீலைக் கிளப்பி மேலே நகர்த்திவிட்டு, வீட்டில் கிடக்கும் பழைய எக்ஸ்-ரே ஃபிலிமிலிருந்து ஒரு விரல் அகலத் துண்டை வெட்டி, அதன் நுனியில் கொக்கி போல ஒரு பள்ளம் விட்டு, பைப்புக்கும் சீல் உதட்டுக்கும் நடுவே நுழைத்து ஒரு சுற்று சுற்றி இழுங்கள். அழுக்கு வெளியே வரும். துடைத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்துப் பலமுறை அமுக்கிப் பாருங்கள். பைப் உலர்ந்தே இருந்தால் அந்தச் சீல் இன்னும் பிழைத்திருக்கிறது.

அதன் பிறகும் கசிந்தால் பைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சீல் ஏறி இறங்கும் பகுதி முழுவதிலும் விரல்நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். கல் தெறித்த வடுவோ துருப்பிடித்த புள்ளியோ இருந்தால் நகம் அதில் தட்டும். அதைக் கவனிக்காமல் புதுச் சீல் போட்டால், அந்தக் கூர்முனை புதுச் சீலின் உதட்டையும் அறுத்துவிடும். 'மூன்று முறை சீல் மாற்றியும் நிற்கவில்லை' என்று எங்களிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

பிரிக்கும்போது வரிசை முக்கியம். பைப் மேல் டிக்கு மேலே எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்க்கைக் கழற்றுவதற்கு முன்பே, மேல் டியின் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, கீழ் டி பைப்பைப் பிடித்திருக்கும் நிலையில் மேல்மூடியை ஒரு சுற்று மட்டும் இளக்குங்கள். அதேபோல் ஃபோர்க் பாட்டத்தின் அடியில் இருக்கும் அலன் போல்ட்டையும், உள்ளே ஸ்பிரிங் இருக்கும்போதே இளக்கிவிடுங்கள். ஸ்பிரிங்கின் அழுத்தம்தான் உள்ளே எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் டேம்பர் ராடைச் சுற்றவிடாமல் பிடித்திருக்கிறது. ஸ்பிரிங்கை எடுத்த பிறகு போல்ட்டைத் திருப்பினால் ராடும் கூடவே சுற்றும், மாலை வரை சுற்றிக்கொண்டே இருக்கலாம். காலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி, பேடுகளுக்கு நடுவே ஒரு மரத்துண்டைச் செருகி வையுங்கள். மூடியை முழுவதும் கழற்றும்போது முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியின் மேல் துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஸ்பிரிங் அதைத் தெறிக்க வைக்கும்.

கொட்டும் எண்ணெயை வெள்ளைத் தட்டில் பிடியுங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சாம்பல் நிறத்தில் மினுமினுப்பாக இருந்தால் உள்ளே உலோகம் தேய்கிறது. ஃபோர்க்கில் புஷ் (பைப் உரசி வழுக்கும் வளையம்) தனியாக இருக்கும் வகையென்றால், அந்த மினுமினுப்பைக் கண்டதும் புஷ்ஷின் மேற்பூச்சு உரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

புதுச் சீலை ஏற்றும்போது பைப்பின் மேல்முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைப் போர்த்தி, அதன் மேல் ஃபோர்க் எண்ணெயைத் தடவி, எழுத்து உள்ள பக்கம் மேலே பார்க்கும்படி இறக்குங்கள். பைப்பைவிடச் சற்றே பெரிய உள்விட்டம் உள்ள பி.வி.சி. குழாயை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். சீலைப் பிடித்து நிறுத்தும் சர்க்ளிப் வளையம் உட்காரும் பள்ளம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்போது சீல் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அடி போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர் போடுங்கள். பழையதையே போட்டால் கசிவு மேலிருந்து கீழுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

கன்னங்குறிச்சி ரைடர்:

அண்ணன் ஃபோர்க்கைப் பற்றி விளக்கமாகச் சொல்லிவிட்டதால் நான் ஹேண்டிலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், இறுக்கியதால் சரியாகக் கூடிய நிலையை உங்கள் கோன் செட் தாண்டிவிட்டது என்றே தோன்றுகிறது. வண்டி பெரும்பாலான நேரம் நேராகவே போவதால் கோன் செட்டின் பால்ஸ் (சிறு உருண்டைகள்) எப்போதும் ரேஸின் (அவை உருளும் வளையம்) அதே இடங்களில்தான் நிற்கின்றன. கல்லும் குழியுமான பாதையின் அதிர்வு, முழுச் சுற்றாக உருளாமல் நின்ற இடத்திலேயே நடுங்கும் அந்தப் பால்ஸுக்கு அடியிலிருந்து கிரீஸை வெளியே தள்ளிவிடுகிறது. பிறகு உலோகம் உலோகத்தின் மேல் உரசி, ஒவ்வொரு பாலுக்கும் கீழே ஒரு சிறு குழி விழுகிறது. நீங்கள் நடுவில் உணரும் பள்ளம் உண்மையிலேயே பள்ளம்தான்.

இப்போது அதை இறுக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். நடுவில் ஆட்டம் இல்லாத அளவுக்கு இறுக்கும்போது பால்ஸ் குழிக்குள் இறங்கியிருக்கின்றன. ஹேண்டிலைத் திருப்பியதும் அவை குழியிலிருந்து மேடேறுகின்றன; அங்கே இடைவெளி போதாமல் இறுகிக்கொள்கின்றன. பக்கவாட்டில் இலகுவாக இருக்கும்படி தளர்த்தினால் நடுவில் ஆட்டம் வந்து பிரேக்கில் அடி விழும். இரண்டையும் ஒரே நட்டில் சரிசெய்ய முடியாது. மெதுவாகப் போகும்போது வண்டி அலைவதற்கும் இதுவே காரணம்: சமநிலைக்காக ஹேண்டில் தானாகவே செய்துகொள்ள வேண்டிய மிகச் சிறிய திருத்தங்களை அந்த இறுக்கம் தடுத்துவிடுகிறது.

உறுதிப்படுத்திக்கொள்ள, சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போது ஹேண்டிலை நேராக வைத்து, ஒரு விரலால் லேசாகத் தட்டுங்கள். நல்ல கோன் செட் என்றால் அது எங்கும் நிற்காமல் தன் எடையிலேயே ஒரு பக்கம் போய்ச் சாயும். ஆனால் கிளட்ச் கேபிளோ வயர்க்கட்டோ எங்காவது இழுபட்டிருந்தாலும் இறுக்கம் போலத்தான் தெரியும் என்பதால் அவற்றை முதலில் விலக்கிவிட்டுச் சோதியுங்கள்.

மாற்றும்போது மேல் ரேஸ், கீழ் ரேஸ், பால்ஸ் எல்லாவற்றையும் முழுச் செட்டாகவே மாற்ற வேண்டும். பழைய ரேஸில் புதுப் பால்ஸ் போடுவது வீண். சேசிஸ் தலைக்குள் இருக்கும் ரேஸ்களை உள்ளிருந்து நீண்ட பஞ்ச் வைத்து, எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றித் தட்டி வெளியேற்றலாம். பஞ்ச் பிடிக்க விளிம்பே கிடைக்காத அமைப்பாக இருந்தால், ரேஸின் உள்வட்டத்தில் வெல்டிங்கால் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். ஆறும்போது ரேஸ் சுருங்கி, கையாலேயே வந்துவிடும் அளவுக்கு இளகும். அப்படி வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். தண்டின் அடியில் இருக்கும் ரேஸ்தான் மிகவும் பிடிவாதமானது. அதைக் கிரைண்டரால் பாதி ஆழம் அறுத்து, உளியால் ஒரு தட்டு தட்டிப் பிளப்பதே எளிது, தண்டில் மட்டும் கீறல் விழக்கூடாது.

புது ரேஸ்களை இரவு முழுவதும் ஃபிரீசரில் வைத்துவிட்டு, நீண்ட த்ரெட் ராடும் இரண்டு கனமான வாஷர்களும் கொண்டு மேலும் கீழுமாக இழுத்து உட்கார வையுங்கள். சுத்தியல்தான் வழியென்றால், கழற்றிய பழைய ரேஸைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் தட்டுங்கள். அடியில் முழுவதும் உட்கார்ந்ததும் தட்டும் ஓசை மாறிக் கணீரென்று கேட்கும். கிரீஸ் தண்ணீரில் கழுவிப் போகாததாக இருக்க வேண்டும், என்.எல்.ஜி.ஐ. 2 (கிரீஸின் கெட்டித்தன்மை எண்) தரத்தில் லித்தியம் காம்ப்ளெக்ஸ் போதும். பழைய கிரீஸின் மேலேயே புதியதை அப்பாமல், டீசலால் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

இறுக்கும் முறையில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். கொக்கி ஸ்பேனரால் நட்டை முதலில் சற்று அழுத்தமாகவே இறுக்கி, தண்டை இரு பக்கமும் முழுவதுமாகப் பலமுறை திருப்பி, பால்ஸ் ரேஸில் பதிந்த பிறகு நட்டைத் தளர்த்தி, மீண்டும் ஆட்டம் மறையும் இடம் வரை மட்டும் கொண்டுவாருங்கள். மேல் டியைப் பொருத்தி நடு நட்டை இறுக்கும்போது அது கீழே உள்ள நட்டையும் அழுத்தும் என்பதால், எல்லாம் முடிந்த பிறகு ஹேண்டில் விழும் சோதனையை மறுபடியும் செய்தாக வேண்டும். 500 கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை பார்த்துவிடுவதும் நல்லது, புது ரேஸ் சற்றே இறங்கியிருக்கும்.

இதையெல்லாம் செய்துவிட்டு, அடுத்த வாரமே வாட்டர் சர்வீஸ் கடையில் அழுத்தத் தண்ணீரை நேராக ஹேண்டில் தண்டின் அடியில் பீய்ச்சவிட்டால் அத்தனை கிரீஸும் போய்விடும். கழுவுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் கேட்கமாட்டார், பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள்.

லேத் மாமா:

பால்ஸுக்குப் பதில் கூம்பு உருளைகள் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். பால்ஸ் ரேஸை ஒரு புள்ளியில் தொடுகிறது; ரோலர் ஒரு கோடாகத் தொடுகிறது. அதனால் அதே அடி பரந்த இடத்தில் விழுந்து, குழி விழுவது வெகுவாகத் தள்ளிப்போகும். மண்பாதைக்கு இதுவே மேல் என்பது என் கருத்து. ஆனால் உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டும் பொருந்தினால் மட்டும் போதாது. பேரிங்கின் மொத்த உயரமும் பார்க்க வேண்டும். அது கூடினால் மேல் நட்டுக்கு மரை போதாமல் போகும், கீழே கூடினால் டி இறங்கிவிடும். கழற்றிய கோன் செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அளந்து வாங்க வேண்டுமே தவிர, வேறு யாரோ தன் வண்டிக்குப் போட்ட பேரிங்கின் நம்பரை நம்பி வாங்கக் கூடாது.

ஃபோர்க் பைப் நேராக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு தடித்த கண்ணாடிப் பலகையில் உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் ஏறி இறங்கினால் வளைவு. சரியான அளவு வேண்டுமென்றால் வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜால் பார்க்கலாம். சேலத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை, இதைப் பார்த்துச் சொல்ல அதிக நேரமும் ஆகாது.

நாகலூர்க்காரன்:

மூவருக்கும் மிக்க நன்றி. சோதனைகளை நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். கீழ் டியின் இடுக்கில் விரலுக்கு அசைவு தெளிவாகத் தெரிகிறது; ஹேண்டில் நடுவில் நின்றுகொள்கிறது, தட்டினாலும் சாயவில்லை. ஆக, கோன் செட் போய்விட்டது என்பதில் ஐயமில்லை. எக்ஸ்-ரே ஃபிலிமால் சுத்தம் செய்த பிறகும் கசிவு நிற்கவில்லை. சீலுக்கு ஓர் அங்குலம் மேலே, பைப்பின் முன்பக்கத்தில், அரிசி அளவுகூட இல்லாத ஒரு வடுவில் நகம் தட்டுகிறது. மற்ற இடமெல்லாம் பளபளப்பாகவே இருக்கிறது.

இந்த ஒரு வடுவுக்காகப் பைப்பையே மாற்ற வேண்டுமா? இன்னொன்று: நான் பின்னால் உர மூட்டை ஏற்றிச் செல்வதால், ஃபோர்க் எண்ணெய்க்குப் பதிலாகக் கெட்டியான 20டபிள்யூ40 என்ஜின் ஆயிலை ஊற்றச் சொல்லி ஒருவர் யோசனை கூறினார், எடையை அது தாங்குமாம். சேலத்திலிருந்து மேலே வரும்போது காற்றழுத்தம் மாறுவதால் ஃபோர்க் கெட்டியாகிறது என்றும் அவர் சொன்னார். இவற்றில் எது சரி?

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை:

ஒரே வடு என்றால் பைப்பைக் காப்பாற்றிவிடலாம். சீலை அறுப்பது வடுவின் பள்ளம் அல்ல, அதைச் சுற்றி எழும்பியிருக்கும் விளிம்புதான். 1000 எண் தண்ணீர்த்தாளில் எண்ணெய் தொட்டு, அந்த இடத்தை மட்டும், பைப்பைச் சுற்றும் திசையில் தேய்த்து விளிம்பைத் தணித்து, பிறகு 2000 எண் தாளால் மெருகேற்றுங்கள். நீளவாக்கில் கோடு விழுந்தால் அந்தக் கோடே எண்ணெய்க்கு வாய்க்காலாகிவிடும். பள்ளம் ஆழமாக இருந்தால் இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எபாக்ஸியை அதில் நிரப்பி, நன்றாக இறுகிய பிறகு சமமாகத் தேய்த்துவிடலாம். மாறாக, குரோம் உரிந்து துரு பரவியிருந்தால் புதுப் பைப்தான், அல்லது ஹார்டு குரோம் ஏற்றித் தருகிறவர்களிடம் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம்தான் கசிந்தாலும் இரண்டு பக்கச் சீலையும் எண்ணெயையும் சேர்த்தே மாற்றுங்கள்.

என்ஜின் ஆயில் யோசனையை விட்டுவிடுங்கள். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். எண்ணெயின் முக்கிய வேலை, ஸ்பிரிங் அமுங்கும் வேகத்தையும் எழும் வேகத்தையும் கட்டுப்படுத்துவது. ஃபோர்க்குக்கான 10டபிள்யூ எண்ணெயோடு ஒப்பிட்டால், 40 டிகிரி வெப்பத்தில் 20டபிள்யூ40 ஏறக்குறைய மூன்று மடங்கு கெட்டியானது. அதை ஊற்றினால், முதல் கல்லில் அமுங்கிய ஃபோர்க் முழுவதும் எழுவதற்குள் அடுத்த கல் வந்துவிடும். அதற்கடுத்த கல்லில் இன்னும் கீழே போயிருக்கும். கல் பாவிய தோட்டப் பாதையில் நாலைந்து கற்களுக்குள் ஃபோர்க்கில் மிச்சமே இல்லாமல், அடி முழுவதும் உங்கள் மணிக்கட்டுக்கும் புதுக் கோன் செட்டுக்கும்தான் போகும். கையேட்டில் சொல்லியிருக்கும் எண்ணெயையே ஊற்றுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி ஒரே 10டபிள்யூ என்று போட்டிருந்தாலும் கெட்டித்தன்மை வேறுபடும். விவரத்தாளில் 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) என்று இருக்கும், அந்த அளவைத்தான் ஒப்பிட வேண்டும்.

எவ்வளவு ஊற்றுவது என்பதை மில்லி கணக்கில் மட்டும் முடிக்காதீர்கள். பழைய எண்ணெய் உள்ளே எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது ஒவ்வொரு பக்கமும் மாறும். ஸ்பிரிங் இல்லாமல், பைப்பை முழுவதும் கீழே அமுக்கி, பலமுறை மேலும் கீழும் இழுத்துக் காற்றை வெளியேற்றி, சிறிது நேரம் நிற்க வைத்த பிறகு, பைப்பின் மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்க வேண்டும். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி, கையேடு சொல்லும் ஆழத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு, சற்று அதிகமாக ஊற்றிவிட்டு, அதிகப்பட்டதை உறிஞ்சி எடுத்தால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். எண்ணெய்க்கு மேலே அடைபடும் காற்றும் ஒரு ஸ்பிரிங் போலத்தான் வேலை செய்கிறது: மட்டம் உயர்ந்தால் காற்றுக்கு இடம் குறைந்து, கடைசிப் பகுதியில் ஃபோர்க் கெட்டியாகும். அடிக்கடி அடிதட்டினால் மட்டத்தை ஐந்து மில்லிமீட்டர் உயர்த்திப் பார்க்கலாம். அளவில்லாமல் ஊற்றினால் அழுத்தம் சீலையே வெளியே தள்ளிவிடும்.

காற்றழுத்தக் கதையில் சிறிது உண்மை இருக்கிறது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. கீழே மூடி போட்ட ஃபோர்க்கை மேலே கொண்டுவந்தால் உள்ளே இருக்கும் காற்று, வெளிக்காற்றைவிடச் சுமார் 0.13 பார் கூடுதல் அழுத்தத்தில் இருக்கும். 37 மில்லிமீட்டர் பைப்பில் அது ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடைதான். மலைக்காற்றின் குளிர்ச்சியில் அதிலும் கொஞ்சம் குறையும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. மேலேயே மூடி போடப்போகிறீர்கள் என்பதால் அந்தக் கேள்வியே எழவில்லை.

உர மூட்டைக்கு வருவோம். பின்னால் எடை ஏறினால் பின்பக்கம் இறங்கி, முன்சக்கரத்தின் மேல் சுமை குறைந்து, ஹேண்டில் இலகுவாகி மிதக்கும். அதற்கு மருந்து பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை இறுக்கி வைப்பது. முன்பக்கத்துக்கு, பைப்பில் ஒரு பிளாஸ்டிக் டையைத் தளர்வாகக் கட்டி டஸ்ட் சீல் வரை இறக்கிவிட்டு, வண்டியில் மெதுவாக உட்கார்ந்து எழுந்து பாருங்கள். தூக்கிய நிலையிலிருந்து 50 முதல் 60 மில்லிமீட்டர் வரை இறங்கினால், 190 மில்லிமீட்டர் ஃபோர்க்குக்கு அது சரியான அளவு.

ஓமலூர் சாலை:

இடையில் ஒரு சந்தேகம். என்னிடம் இருப்பது ஹிமாலயன் 450. அதில் 43 மில்லிமீட்டர் தலைகீழ் ஃபோர்க். இதே முறை அதற்கும் பொருந்துமா?

கன்னங்குறிச்சி ரைடர்:

கோன் செட் சோதனைகள் பொருந்தும். ஃபோர்க்கைப் பிரிக்கும் முறை பொருந்தாது. தலைகீழ் ஃபோர்க்கில் மெல்லிய பைப் கீழே இருப்பதால் சீலும் கீழேதான் இருக்கிறது. சேறும் கல்லும் நேராக அங்கேதான் படும், கசிந்தால் எண்ணெய் முழுவதும் இறங்கிவிடும். உள்ளே கார்ட்ரிட்ஜ் (டேம்பர் வேலையைச் செய்யும் தனிக்குழல்) வைத்த வகைகளில் மூடியைக் கழற்றிய பிறகும் அந்த மூடி ராடோடு இணைந்தே இருக்கும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். எக்ஸ்-ரே ஃபிலிமால் சுத்தம் செய்வதை மட்டும் தாராளமாகச் செய்யலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால், அந்தக் கருவி இருக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

நாகலூர்க்காரன்:

கடைசியாக ஒன்று. பைப்பைச் சுற்றி ரப்பர் பூட் போட்டால் இந்த வடுவெல்லாம் வராதுதானே? மேலும், எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை:

கல் தெறிப்புக்கு பூட் நல்ல காவல். ஆனால் அடியில் காற்றுத் துளை அடைபட்டுவிட்டால் சேற்றுத் தண்ணீர் உள்ளேயே தேங்கி, நீங்கள் பார்க்காத இடத்தில் பைப் துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது மேலே தூக்கித் துடைப்பேன் என்றால் போடுங்கள். இல்லையென்றால் போடாமல் இருப்பதே மேல்.

பொருத்தும்போது, இரண்டு பைப்புகளும் நீங்கள் எழுதி வைத்த அதே உயரத்தில் நிற்க வேண்டும். கீழ் டியின் போல்ட்டுகளை இறுக்கி, அச்சின் நட்டை இறுக்கி, ஃபோர்க் பாட்டத்தில் அச்சைக் கவ்வும் போல்ட்டை மட்டும் தளர்வாகவே விட்டுவிடுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கைப் பலமுறை அமுக்கினால் இரண்டு பக்கமும் தமக்குரிய இடத்தில் நேராக நின்றுவிடும். அதன் பிறகே அந்தப் போல்ட்டை இறுக்க வேண்டும். முதலிலேயே இறுக்கிவிட்டால் ஃபோர்க் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, புதுச் சீல் போட்டும் மரக்கட்டை போல அமுங்கும். கீழே விழுந்த பிறகு ஹேண்டில் கோணலாகத் தெரியும் வண்டிகளுக்கும் இதே மருந்துதான். எல்லாக் கவ்வு போல்ட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தை முழங்காலுக்கு நடுவே பிடித்து நேராக்கி, மீண்டும் வரிசையாக இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும், பைப் வளைந்தது என்று பயப்பட வேண்டியதில்லை.

சக்கரத்தைப் பூட்டியதும் பிரேக் லீவரை அது கெட்டியாகும் வரை அமுக்குங்கள். பேடைத் தள்ளி வைத்திருப்பதால் முதல் சில அமுக்கல்களில் பிரேக் இருக்காது. புதுப் பேட் டிஸ்க்கில் பதிவதற்குத் தோட்டத்திலேயே சமமான பாதையில் மிதமான வேகத்தில் பலமுறை பிடித்துப் பிடித்து விடுங்கள். பிடிப்பு ஒரே சீராக வந்த பிறகு சேலம் பக்கம் இறங்கலாம்.